மிடி கன்ட்ரோல் சர்ஃபேஸ் அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேடர் (மேலும் கீழும் தள்ளும் பிடி), குமிழ், பட்டன் எல்லாம் இருக்கும்; ஆனால் கன்ட்ரோல் சர்ஃபேஸுக்குள் ஒலி என்று எதுவும் கிடையாது. கை அசைவை எண்ணாக்கி, மிடி என்ற இசைக்கருவிச் செய்தி முறையில் அனுப்புவது மட்டுமே அதன் வேலை. அந்த எண்ணை என்னவென்று எடுத்துக்கொள்வது கணினியில் உள்ள ரெக்கார்டிங் மென்பொருளின் (ரீப்பர், ஏபிள்டன் லைவ், கியூபேஸ், ப்ரோ டூல்ஸ் போன்றவை) பாடு. அனுப்புகிற பக்கமும் வாங்குகிற பக்கமும் ஒரே மொழி பேசாததுதான் இங்கே வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். பதில்களில் இரண்டு கருவிகளை உதாரணமாக எடுத்திருக்கிறோம். ஒன்று மோட்டார் இல்லாத சின்னக் கருவியான கோர்க் நானோகன்ட்ரோல்2. இன்னொன்று தானாக நகரும் ஃபேடர்கள் கொண்ட பெஹ்ரிங்கர் எக்ஸ்-டச். வேறு கருவி வைத்திருந்தாலும் தர்க்கம் இதேதான்.

கருவியைச் சொருகிவிட்டேன், மென்பொருளில் ஒன்றுமே அசையவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ரெக்கார்டிங் மென்பொருளை மூடிவிடுங்கள். கருவியிலிருந்து என்ன வருகிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் மிடி மானிட்டர் என்ற இலவச நிரல்கள் இதற்கென்றே இருக்கின்றன. நிரலைத் திறந்து, கருவியின் போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, ஒரு ஃபேடரை மெதுவாக ஏற்றுங்கள். வரிவரியாக எண்கள் ஓட வேண்டும்.

ஒவ்வொரு வரியிலும் பொதுவாக மூன்று எண்கள் இருக்கும். 176, 7, 100 என்று வந்தால், முதல் எண் ‘சேனல் 1, கன்ட்ரோல் சேஞ்ச்’ என்கிறது. சேனல் 2 என்றால் 177. இப்படியே சேனல் 16க்கு 191 வரை போகும். இரண்டாவது எண் எந்த கன்ட்ரோலர் என்பது, இங்கே 7. கன்ட்ரோல் சேஞ்சைச் சுருக்கமாக சிசி என்பார்கள், ஆகவே இது சிசி 7. மூன்றாவது எண் மதிப்பு, 0 முதல் 127க்குள்.

எண்கள் ஓடினால் கருவியில் பழுதில்லை, கோளாறு மென்பொருள் அமைப்பில் இருக்கிறது. ஓடவில்லையென்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். நானோகன்ட்ரோல்2க்கு மினி-பி வகை யுஎஸ்பி கேபிள் வேண்டும். பழைய கேமராவோடோ ஹார்டு டிஸ்க்கோடோ வந்த கேபிள் சரியாகப் பொருந்தும். ஆனால் சில கேபிள்களில் மின்சாரம் போகும் கம்பி மட்டும்தான் இருக்கும், தரவுக் கம்பி இருக்காது. விளக்கு எரிகிறதே என்று நம்பி ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கருவியின் எண்களை மாற்றும் எடிட்டர் நிரலோ மானிட்டரோ ‘போர்ட்டைத் திறக்க முடியவில்லை’ என்றால் வேறொரு நிரல் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். விண்டோஸில் பல மிடி டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு நிரலைத்தான் அனுமதிக்கும். மேக்கில் இந்தத் தொல்லை இல்லை.

சிசி முறை, மாக்கி முறை என்கிறார்களே, எதை வைத்துக்கொள்வது?

சிசி முறையில் ஒவ்வொரு ஃபேடரும் ஒரு தனி எண். அந்த எண் எதை அசைக்க வேண்டும் என்பதை நீங்களே மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். சின்த்தின் (மின்னணு ஒலியாக்கி) ஃபில்டர், எஃபெக்டின் அளவு, மேடையில் நான்கைந்து குமிழ்களுக்கு மட்டும் வேலை என்றால் இதுவே போதும்.

மாக்கி கன்ட்ரோல் என்பது ஒட்டுமொத்த மிக்ஸருக்கான உடன்படிக்கை. எந்தப் பட்டன் எதற்கு என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். மென்பொருளும் பதிலுக்குப் பேசும்: டிராக் பெயரை அனுப்பும், விளக்கை எரியவிடும், மோட்டாரை நகர்த்தும். 40 டிராக் உள்ள பாட்டை 8 ஃபேடரால் மிக்ஸ் செய்ய வேண்டுமானால், எட்டு எட்டாகத் தாவும் பேங்க் பட்டன் வேண்டும். அதைச் சிசி முறையில் நீங்களே கட்டுவது வெட்டிவேலை. ப்ரோ டூல்ஸ் மட்டும் எச்யுஐ என்ற வேறொரு பழைய முறையை எதிர்பார்க்கும். அது ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை ‘இருக்கிறாயா’ என்று கருவியைக் கேட்கும். பதில் வராவிட்டால் தொடர்பு அறுந்ததாக எடுத்துக்கொள்ளும்.

எங்கள் பரிந்துரை: மிக்ஸிங்குக்கு மாக்கி, சின்த்துக்குச் சிசி. ஒரே கருவியில் ஒரே நேரத்தில் இரண்டையும் கலந்து வைக்காதீர்கள்.

நானோகன்ட்ரோல்2இல் ஒரு பட்டனை அழுத்தினால் பியானோ ஒலி நிற்காமல் இழுக்கிறது. கருவி பழுதா?

பழுதில்லை. பட்டன் அனுப்பும் எண்ணைப் பாருங்கள். சிசி முறையில் இந்தக் கருவி தொழிற்சாலையிலிருந்து வரும்போது எண்கள் இப்படி இருக்கும்:

- ஃபேடர்கள்: 0 முதல் 7
- குமிழ்கள்: 16 முதல் 23
- எஸ் (சோலோ) பட்டன்கள்: 32 முதல் 39
- எம் (மியூட்) பட்டன்கள்: 48 முதல் 55
- ஆர் (ரெக்கார்டு) பட்டன்கள்: 64 முதல் 71
- பிளே 41, ஸ்டாப் 42, ரீவைண்ட் 43, ஃபார்வர்டு 44, ரெக்கார்டு 45, சைக்கிள் 46

இதில் 64 என்பது சஸ்டெயின் பெடல். முதல் வரிசையின் ஆர் பட்டனை அழுத்தினால் பியானோக்காரர் பெடலை மிதித்த மாதிரிதான். சிக்கல் அதோடு முடியவில்லை. முதல் ஃபேடர் சிசி 0, அதாவது பேங்க் (ஒலித் தொகுப்பு) மாற்றம். இரண்டாவது ஃபேடர் சிசி 1, மாடுலேஷன். அதை ஏற்றினால் வயலின் ஒலி நடுங்கத் தொடங்கும். எட்டாவது ஃபேடர் சிசி 7, வால்யூம். மிக்ஸர் ஃபேடர் என்று நினைத்து அதை இறக்குவீர்கள், கருவி ஒலி மொத்தமும் காணாமல் போகும், மிக்ஸரிலோ எல்லாம் சரியாகவே தெரியும்.

இதற்குத் தீர்வு, இந்தக் கருவியின் போர்ட்டை இசைக்கருவி டிராக்குகளின் பக்கமே வராமல் அடைப்பதுதான். எண்ணை மாற்றுவது இரண்டாம் பட்சம்.

ரீப்பரில் மிடி இன்புட் பட்டியலில் கருவியைத் திறந்து, சாதாரண இன்புட்டை அணைத்து, ‘கன்ட்ரோல் மெசேஜஸ்’ என்று சொல்லும் டிக்கை மட்டும் போடுங்கள். ஏபிள்டன் லைவில் மிடி செட்டிங் பக்கத்தில் அந்த இன்புட்டுக்கு ‘டிராக்’ அணைந்தும் ‘ரிமோட்’ எரிந்தும் இருக்க வேண்டும். கியூபேஸில் ஸ்டுடியோ செட்டப்பின் மிடி போர்ட் செட்டப்பில் ‘இன் ஆல் மிடி இன்புட்ஸ்’ டிக்கை எடுத்துவிடுங்கள்.

மாக்கி முறையில் இதைச் செய்யாவிட்டால் கூத்து இன்னும் பெரிது. அதில் ஃபேடர்கள் பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும்) செய்திகளாகப் போகின்றன, பட்டன்கள் சுரங்களாகப் போகின்றன. பிளே பட்டன் சுர எண் 94, ஸ்டாப் 93, ரெக்கார்டு 95. ஃபேடரைத் தொட்டதைச் சொல்லும் செய்தியும் சுரம்தான், 104இலிருந்து தொடங்கும். ரெக்கார்டுக்கு ஆர்ம் செய்த (தயாராக்கி வைத்த) டிராக்கில் இந்தப் போர்ட் திறந்திருந்தால், ஃபேடரைத் தொட்டவுடன் உச்சத்தில் ஒரு கீச்சொலி, நகர்த்தினால் சுருதி விலகல். பேய் புகுந்தது போலிருக்கும்.

எண்களை மாற்றுவது எப்படி? எந்த எண்கள் பாதுகாப்பானவை?

கோர்க் கன்ட்ரோல் எடிட்டர் என்ற நிரலில். ரெக்கார்டிங் மென்பொருளை மூடிவிட்டு எடிட்டரைத் திறங்கள். படத்தில் தெரியும் ஃபேடர் மேல் கிளிக் செய்தால் அதன் சிசி எண், குறைந்த மதிப்பு, கூடிய மதிப்பு ஆகியவை வரும். மாற்றி முடித்ததும் கம்யூனிகேஷன் மெனுவில் ‘ரைட் சீன் டேட்டா’ கொடுக்க வேண்டும் (சீன் என்பது கருவியின் முழு அமைப்பு). இதை மறந்தால் மாற்றம் கணினித் திரையில் மட்டும் இருக்கும், கருவிக்குள் போகாது. கோப்பாகச் சேமிப்பது வேறு, கருவிக்கு எழுதுவது வேறு.

மிடி விதிகளில் வேலை ஒதுக்கப்படாத எண்களில் பெரிய தொகுதிகள் 20 முதல் 31 வரையும், 102 முதல் 119 வரையும். இரண்டும் சேர்த்து 30. கருவியில் இருப்பதோ 8 ஃபேடர், 8 குமிழ், 35 பட்டன், ஆக 51. எல்லாமே ஒரே சேனலில் அடங்காது. இந்தக் கருவியில் சேனலை வரிசைவாரியாகத்தான் மாற்ற முடியும்; முதல் ஆறு வரிசைகளை (வரிசைக்கு ஒரு ஃபேடர், ஒரு குமிழ், மூன்று பட்டன், ஆக 30) சேனல் 15இல் வைத்துவிட்டு, மீதி இரண்டு வரிசைகளையும் பிளே, ஸ்டாப் போன்ற 11 பட்டன்களையும் அதே எண்களோடு சேனல் 16க்கு அனுப்பலாம். 120 முதல் 127 வரை மட்டும் கை வைக்க வேண்டாம். 120 எல்லா ஒலியையும் நிறுத்தும், 121 கன்ட்ரோலர்களை ரீசெட் செய்யும், 123 எல்லா சுரத்தையும் விடுவிக்கும்.

மியூட் பட்டனை இரண்டு முறை அழுத்தினால்தான் ஒருமுறை வேலை செய்கிறது.

இரண்டு பக்கமும் டாகிள் செய்கிறது. கருவியில் பட்டன் ‘டாகிள்’ என்று இருந்தால் முதல் அழுத்தலுக்கு 127, அடுத்ததற்கு 0 போகும். மென்பொருள் 127 வந்தால் மட்டும் நிலையை மாற்றும் வகை என்றால், 0 வந்த அழுத்தலை அது கண்டுகொள்ளாது. கருவியில் பட்டனை ‘மொமென்டரி’ ஆக்குங்கள்: அழுத்தும்போது 127, விடும்போது 0. நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பு மென்பொருளிடமே இருக்கட்டும்.

பட்டன் விளக்கு எரிவதற்கும் திரையில் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

நானோகன்ட்ரோல்2இல் எல்இடி மோடு ‘இன்டர்னல்’ ஆக இருந்தால், கையால் அழுத்துவதற்கு மட்டுமே விளக்கு எரியும். எடிட்டரில் அதை ‘எக்ஸ்டர்னல்’ ஆக்கி எழுதுங்கள். அதோடு மென்பொருளில் கருவியின் இன்புட்டைப் போலவே அவுட்புட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்புட்டை மட்டும் கொடுத்துவிட்டு அவுட்புட்டை ‘நன்’ (எதுவுமில்லை) என்று விடுவது மிகச் சாதாரணமான தவறு. எஃப்எல் ஸ்டுடியோவில் இன்னொரு நுணுக்கம்: எஃப்10 அழுத்தி வரும் மிடி பக்கத்தில், அவுட்புட் பட்டியலிலும் இன்புட் பட்டியலிலும் போர்ட் எண் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஃபேடரைத் தொட்டதும் வால்யூம் திடீரென்று குதிக்கிறது.

மோட்டார் இல்லாத ஃபேடரில் இது இயற்கை. ஃபேடர் கீழே கிடக்கிறது, திரையில் வால்யூம் மேலே இருக்கிறது. தொட்டவுடன் மென்பொருள் ஃபேடரின் இடத்துக்கு ஓடுகிறது. மேடையில் இப்படி நடந்தால் ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்பவர் காதைப் பொத்திக்கொள்வார்.

ஏபிள்டன் லைவில் ‘டேக்ஓவர் மோடு’ என்ற இடத்தில் மூன்று வழிகள் உண்டு. ‘நன்’ வைத்தால் குதிக்கும். ‘பிக்-அப்’ வைத்தால் ஃபேடர் திரையிலுள்ள மதிப்பைக் கடக்கும்வரை ஒன்றும் நடக்காது, கடந்ததும் பிடித்துக்கொள்ளும். ‘வேல்யூ ஸ்கேலிங்’ என்றால் ஃபேடரின் அசைவுக்கு ஏற்றபடி மதிப்பு மெல்ல மெல்லச் சேர்ந்துகொள்ளும். ரீப்பரில் ஆக்‌ஷனுக்கு ஃபேடரைக் கற்பிக்கும் பெட்டியிலேயே ‘சாஃப்ட் டேக்ஓவர்’ டிக் இருக்கிறது. எஃப்எல் ஸ்டுடியோவின் செட்டிங்கில் ‘பிக்கப்’ என்று இருக்கும்.

மேடைக்குப் பிக்-அப்பே நல்லது. ஒரு குறை உண்டு: ஃபேடரை வேகமாக நகர்த்தினால் இடையில் உள்ள மதிப்புகள் விடுபட்டு, பிடித்துக்கொள்ள வேண்டிய இடத்தைத் தாண்டிவிடலாம். மெதுவாகக் கடத்துங்கள்.

சுற்றிக்கொண்டே இருக்கும் குமிழ் தப்பான திசையில் ஓடுகிறது, அல்லது ஒரேயடியாகத் தாவுகிறது.

முட்டாமல் சுற்றும் குமிழ் தன் இடத்தைச் சொல்லாது, ‘இத்தனை படி வலம்’, ‘இத்தனை படி இடம்’ என்று மட்டும் சொல்லும். அதைச் சொல்வதற்கு ஒரே வழி இல்லை, பல வழிகள் இருக்கின்றன. தொல்லை அதனால்தான்.

மானிட்டரைத் திறந்து குமிழை வலப்பக்கம் ஒரே ஒரு கிளிக் திருப்புங்கள், பிறகு இடப்பக்கம் ஒரு கிளிக். மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வலம் 1, இடம் 127 என்றால் ரீப்பரில் ‘ரிலேட்டிவ் 1’.
வலம் 65, இடம் 63 என்றால் ‘ரிலேட்டிவ் 2’.
வலம் 1, இடம் 65 என்றால் ‘ரிலேட்டிவ் 3’. மாக்கி கன்ட்ரோலின் குமிழ்கள் பேசுவது இதைத்தான்; அவற்றின் எண்கள் சிசி 16 முதல் 23 வரை.

65 என்ற எண்ணைக் கவனியுங்கள். இரண்டாவது முறையில் அது ஒரு படி வலம், மூன்றாவதில் ஒரு படி இடம். முறையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் இடப்பக்கம் திருப்பியும் மதிப்பு கூடும். அதேபோல 1 என்பது இரண்டாவது முறையில் 63 படி இடம் என்று பொருள்படும். ஒரு கிளிக்குக்கு அடிமட்டத்துக்குப் போவது அதனால்தான். ‘ஆப்சொல்யூட்’ என்று விட்டுவிட்டாலோ மதிப்பு 1க்கும் 127க்கும் இடையே துள்ளிக்கொண்டிருக்கும்.

எக்ஸ்-டச்சை மாக்கி முறைக்கு மாற்றுவது எப்படி?

அணைத்துவிட்டு, முதல் சேனலின் செலெக்ட் பட்டனைப் பிடித்தபடியே சுவிட்சைப் போடுங்கள். சின்னத் திரைகளில் அமைப்புப் பக்கம் வரும். அந்தத் திரைக்குரிய குமிழைத் திருப்பி மோடை ‘எம்சி’ (மாக்கி கன்ட்ரோல்) ஆக்குங்கள், ப்ரோ டூல்ஸ் என்றால் ‘எச்யுஐ’. இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் ‘யுஎஸ்பி’ இருக்க வேண்டும். மிடி என்றோ நெட்வொர்க் என்றோ இருந்தால் யுஎஸ்பி கேபிளை எத்தனை முறை பிடுங்கிச் சொருகினாலும் பயனில்லை. முடித்ததும் அதே செலெக்ட் பட்டனை அழுத்தி வெளியே வாருங்கள்.

கணினியில் இந்தக் கருவி இரண்டு போர்ட்டாகத் தெரியும். ஒன்று சர்ஃபேஸ், மற்றது பின்பக்கத்து ஐந்து முனை மிடி சாக்கெட்டுகள். மேக்கில் பெயரின் முடிவில் ‘இன்ட்’ என்றிருப்பது சர்ஃபேஸ், ‘எக்ஸ்ட்’ என்றிருப்பது சாக்கெட். தப்பான போர்ட்டைக் கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, எதுவும் நடக்கவும் நடக்காது.

பிறகு ரீப்பரில் ப்ரிஃபரன்சஸின் கன்ட்ரோல் பக்கத்தில் ‘ஆட்’ அழுத்தி ‘மாக்கி கன்ட்ரோல் யுனிவர்சல்’. கியூபேஸில் ஸ்டுடியோ செட்டப்பில் கூட்டல் குறி அழுத்தி ‘மாக்கி கன்ட்ரோல்’. லாஜிக்கில் கன்ட்ரோல் சர்ஃபேஸஸ் மெனுவில் ‘செட்டப்’. மூன்றிலும் இன்புட், அவுட்புட் இரண்டையும் தேர்ந்தெடுங்கள்.

மோட்டார் ஃபேடர் கையோடு மல்லுக்கட்டுகிறது, அல்லது விட்டதும் பழைய இடத்துக்கே ஓடுகிறது.

இரண்டும் வேறு வேறு நோய்.

மல்லுக்கட்டினால் தொடு உணர்வு கிடைக்கவில்லை. ஃபேடர் தலையில் விரல் பட்டதும் ‘தொட்டாகிவிட்டது’ என்ற செய்தி போக வேண்டும், அதன்பின் மோட்டார் தளரும். நகத்தாலோ பேனாவாலோ தள்ளினால் அந்தச் செய்தி போகாது. மிகவும் வறண்ட விரலாலும் சில நேரம் போகாது. மானிட்டரில் முதல் ஃபேடரைத் தொட்டால் சுரம் 104, இரண்டாவதற்கு 105 வருகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு ஃபேடருக்கு மட்டும் வரவில்லையென்றால் அந்த ஃபேடர் சர்வீஸுக்குப் போக வேண்டும்.

விட்டதும் திரும்பி ஓடினால் கருவியில் குறையில்லை. அந்த டிராக்கில் ஆட்டோமேஷன் (ஃபேடர் அசைவின் பதிவு) எழுதப்பட்டிருக்கிறது, நீங்கள் ‘ரீட்’ நிலையில் இருக்கிறீர்கள். மென்பொருள் எழுதி வைத்த இடத்துக்கே ஃபேடரை இழுக்கிறது. ‘டச்’ நிலையில் விரல் இருக்கும்வரை புதிதாக எழுதும், விட்டதும் பழைய கோட்டுக்குத் திரும்பும். ‘லாட்ச்’ நிலையில் விட்ட பிறகும் கடைசி மதிப்பையே எழுதிக்கொண்டு போகும். தொடு உணர்வு இல்லாத நானோகன்ட்ரோல்2 மாதிரிக் கருவிக்கு லாட்ச்தான் நம்பகமானது.

பேன் குமிழ் (ஒலியை இடம், வலம் நகர்த்துவது) சரியாக நடுவில் நிற்பதில்லை.

0 முதல் 127 வரை 128 படிகள். இரட்டைப்படை எண்ணிக்கைக்கு நடுப்படி கிடையாது. 64ஐ நடு என்று வைத்துக்கொள்வது வழக்கம்; அதன் இடப்பக்கம் 64 படிகள், வலப்பக்கம் 63 படிகள். நடுவில் ‘கிளிக்’ என்று தடை இல்லாத குமிழில் கையால் சரியாக 64இல் நிறுத்துவது அதிர்ஷ்டம். பேன் நடுவுக்கு வர ஒரு பட்டனை ஒதுக்கிவிடுவது சுலபம்.

இதே 128 படிதான் ஃபேடரை மெதுவாக நகர்த்தினால் ஒலி படிப்படியாக ஏறுவது போல் கேட்பதற்கும் காரணம். மாக்கி முறையில் பிட்ச் பெண்ட் செய்தி 14 பிட், 16,384 படிகளுக்கு இடம் உண்டு. ஃபேடரின் உள்ளிருக்கும் சென்சார் அவ்வளவு நுணுக்கமாக அளக்காது என்றாலும், 128ஐவிட எவ்வளவோ மேல்.

ஐந்து முனை மிடி கேபிளில் இணைத்தால் மீட்டர்கள் தயங்கித் தயங்கி ஆடுகின்றன. ஏன்?

1983இல் வந்த மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு 10 பிட் செலவு, மூன்று பைட் செய்திக்கு ஏறக்குறைய 1 மில்லிநொடி. நொடிக்குச் சுமார் ஆயிரம் செய்திதான் போகும். சுரம் வாசிக்க இது தாராளம். எட்டு மோட்டார் ஃபேடர், எட்டு மீட்டர், வரிக்கு 56 எழுத்து வீதம் இரண்டு வரித் திரை எல்லாம் ஒரே கேபிளில் என்றால் நெரிசல்தான். யுஎஸ்பி வழியாக இணையுங்கள்.

நேற்று வரை வேலை செய்தது, இன்று இல்லை.

விண்டோஸா? வேறு யுஎஸ்பி துளையில் சொருகியிருப்பீர்கள். விண்டோஸ் அதைப் புதுக் கருவியாக எடுத்துக்கொண்டு பெயருக்கு முன்னால் ‘2-’ என்று சேர்த்துவிடும். மென்பொருளோ பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். பழைய துளைக்கே மாற்றுங்கள், துளைக்கு ஒரு சின்ன ஸ்டிக்கரும் ஒட்டிவிடுங்கள். இப்படிச் சேர்ந்த பழைய பெயர்களை டிவைஸ் மேனேஜரில் ‘மறைந்த கருவிகளைக் காட்டு’ என்று கொடுத்து நீக்கலாம்.

இன்னொன்று, மென்பொருளைத் திறந்த பிறகு கருவியைச் சொருகியிருக்கலாம். சில மென்பொருள்கள் தொடங்கும்போது இருந்த கருவிகளை மட்டுமே பார்க்கும். கருவி முதலில், மென்பொருள் பிறகு.

தொடாமலேயே ஒரு குமிழ் எண் அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

63, 64, 63, 64 என்று அடுத்தடுத்த இரண்டு எண்களுக்குள் ஆடினால் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி. கருவியைக் கணினியிலிருந்து கழற்றி, கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, முழு அளவுக்கும் இருபது முப்பது முறை திருப்புங்கள், உலரவிட்டுச் சொருகுங்கள். எண்ணெய் கலந்த துரு நீக்கி ஸ்ப்ரே வேண்டாம், அது இன்னும் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதுவரை ‘மிடி லேர்ன்’ (அசைத்துக் காட்டி மென்பொருளுக்குக் கற்பிப்பது) செய்யவும் முடியாது: நீங்கள் வேறு ஃபேடரை அசைப்பதற்குள் ஆடும் குமிழ் முந்திக்கொண்டு தன்னைப் பதிந்துகொள்ளும். எடிட்டரில் அந்தக் குமிழை மட்டும் அணைத்துவிட்டால் தற்காலிகமாக வேலை ஓடும்.

இரண்டு சர்ஃபேஸ்களைச் சேர்த்து 16 ஃபேடராக வைக்க முடியுமா?

முடியும். இரண்டாவதை மாக்கியின் ‘எக்ஸ்டெண்டர்’ (கூடுதல் ஃபேடர் தொகுதி) என்று சேர்க்க வேண்டும். ரீப்பரில் எக்ஸ்டெண்டர் இடப்பக்கம் இருந்தால் அதன் ஆஃப்செட் (தொடக்கத்தில் விட்டுவிடும் டிராக் எண்ணிக்கை) 0, முதன்மைக் கருவிக்கு 8. லாஜிக்கில் செட்டப் சாளரத்தில் இரண்டு படங்களையும் மேசையில் இருக்கும் அதே வரிசையில் இழுத்து வைத்தால் போதும்.

செய்து முடித்த அமைப்பை எங்கே சேமிப்பது?

மூன்று இடங்களில். கருவிக்குள் எழுதியது ஒன்று. எடிட்டரிலிருந்து சேமித்த சீன் கோப்பு இரண்டாவது. நானோகன்ட்ரோல்2இல் ஒரே ஒரு சீனுக்குத்தான் இடம் என்பதால், சின்த்துக்கு ஒன்று, மிக்ஸிங்குக்கு ஒன்று என்று கோப்புகளாக வைத்து மாற்றி மாற்றி எழுத வேண்டும். மூன்றாவது, மென்பொருள் பக்கத்தில் கற்பித்த இணைப்புகள். ஏபிள்டன் லைவில் கன்ட்ரோல்-எம் அழுத்திப் போட்ட இணைப்புகள் அந்தப் பாட்டின் கோப்போடுதான் சேமிக்கப்படும். புதுப் பாட்டிலும் வேண்டுமென்றால் அந்த செட்டை டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். ரீப்பரில் ஆக்‌ஷன்களுக்குப் போட்டவை நிரலுக்கே பொது, ஆக்‌ஷன் பட்டியலிலிருந்து தனிக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்துகொள்ளலாம். எந்த ஃபேடருக்கு எந்த சிசி என்று ஒரு தாளில் எழுதிக் கருவியின் அடியில் ஒட்டி வையுங்கள்.